பெரட்டு மணி அடிக்காத ஊரில் வெள்ளத்துக்குத் தயாராவது

எங்கள் வீட்டு அடுப்படிக் கதவு நிலையில் மூன்று பென்சில் கோடுகள் இருக்கின்றன. முழங்கால் உயரத்தில் ஒன்று, 2011 ஜனவரி. அதற்கு நான்கு விரற்கடை மேலே இன்னொன்று, 2023 மார்ச். இடுப்புக்கு வருவது 2006 டிசம்பர், அப்பா கைப்படப் போட்டது. தீபாவளிக்குத் தீபாவளி சாயம் அடித்தாலும் அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்வார். அவர் போன பிறகும் நாங்கள் அதைத் தொடவில்லை.

மூன்று கோட்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூன்று தடவையும் எங்களுக்கு நேரம் இருந்தது. மத்தியானமே லோங்காங் (வடிகால்) நிரம்பிவிட்டது, சாயங்காலம் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் சாமான் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். நாங்களோ தண்ணீர் ஹாலுக்குள் வந்த பிறகுதான் கிளம்பினோம். 2006-இல் அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இன்னும் யாரும் வந்து சொல்லலியே."

பேரிடருக்குத் தயாராவது என்றதும் எல்லாரும் பையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். டார்ச்லைட், பிஸ்கட், மினரல் வாட்டர். பை வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து லாபிஸ், சிகாமட் பக்கம் நான் பார்த்தவரை பை இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் குறைவு. எப்போது கிளம்புவது என்று வீட்டில் ஒருவரும் முடிவு செய்யாமல் மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம். அம்மாவின் அந்த ஒரு வாக்கியத்தில் நாங்கள் முன்பு குடியிருந்த ரப்பர் தோட்டத்துச் சரித்திரமே இருக்கிறது.

தோட்டத்தில் இந்த முடிவு நம் தலையில் இல்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்க, மணி அடிக்கும். அதே மணி அகால வேளையில் அடித்தால் ஏதோ ஆபத்து என்று லயம் என்ற வரிசை வீடுகள் முழுக்கத் தெரியும். தோட்டத்து எழுத்தரான கிராணி சொல்லி அனுப்புவார், மேற்பார்வையாளரான மண்டோர் வீடு வீடாகக் கதவைத் தட்டுவார், தோட்டத்து லோரி வந்து நிற்கும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கோ கோயிலுக்கோ போய்விடுவோம். இதை நான் பொற்காலமாகச் சொல்லவில்லை. எப்போது எழுந்திருப்பது, எங்கே குடியிருப்பது, எந்தத் தேதியில் வீட்டைக் காலி செய்வது என்று எல்லாவற்றையும் நிர்வாகமே முடிவு செய்த வாழ்க்கை அது. தோட்டங்கள் கைமாறின, துண்டாயின, ரப்பர் தரும் பால்மரம் போய் எண்ணெய்ப்பனையான செம்பனை வந்தது, லயத்துக் குடும்பங்கள் டவுனோரத்து மலிவு வீடுகளுக்கு வந்தன. மலிவு வீடு கட்டக் கிடைக்கும் நிலம் பெரும்பாலும் தாழ்ந்த நிலமாகவே இருக்கும். மேட்டு நிலத்தை யார் மலிவாகக் கொடுப்பார்? இப்படி ஆற்றுக்குக் கிட்டே வந்துவிட்டோம், மணி அடிக்கிறவரைப் பின்னால் விட்டுவிட்டோம். யாராவது வந்து சொல்வார்கள் என்று காத்திருக்கும் பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

ஜொகூரின் இந்தப் பகுதிக்கு வெள்ளம் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை அதன் காலம். 2006 டிசம்பரில் வந்து வடிந்த வெள்ளம், வீட்டைக் கழுவி முடித்த கையோடு 2007 ஜனவரியில் மறுபடியும் வந்தது. அந்த இரண்டு அலைகளில் தென் மாநிலங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2011 ஜனவரி 30-ஆம் தேதி லாபிஸ் தொகுதியைச் சேர்ந்த தெனாங்கில் சட்டமன்ற இடைத்தேர்தல். ஓட்டுப் போடும் நாளன்றே வெள்ளம் வந்து, வாக்காளர்கள் தண்ணீரைக் கடந்து வாக்குச்சாவடிக்குப் போன கதையை இங்கே இன்னும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 2023-இல் வந்ததுதான் பலரை ஏமாற்றியது. சீனப் பெருநாளும் தைப்பூசமும் முடிந்து, இனி மழைக்காலம் போனது என்று மேலே ஏற்றிய சாமானை இறக்கி வைத்த பிறகு மார்ச் தொடக்கத்தில் கொட்டியது. ஜொகூர் முழுவதும் 40,000-க்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் இருந்தார்கள். கீழே பத்து பஹாட் பக்கம் நிலம் தட்டை என்பதால் தண்ணீர் வாரக்கணக்கில் நின்றது.

நம் ஊரில் மழை நின்றுவிட்டது என்பதை வைத்து ஆற்றைக் கணிக்க முடியாது. மலைப்பக்கம் பெய்த மழை ஓடைகளில் சேர்ந்து, ஆற்றில் இறங்கி, ஊருக்கு வர மணிக்கணக்கு ஆகும். வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். செம்பனையை வெட்டி மறுநடவு செய்திருக்கும் நிலம் மேலே இருந்தால் இன்னும் மோசம். வெறும் மண் நீரைப் பிடித்து வைக்காது, மண்ணையும் கூட்டிக்கொண்டு ஓடும், அந்த மண் நம் லோங்காங்கில் வந்து படியும்.

இந்த இடைவெளி மணிநேரங்கள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். அதைக் காட்டும் கருவியும் இப்போது கையிலேயே இருக்கிறது. ஜேபிஎஸ் என்று நாம் சொல்லும் நீர்ப்பாசன வடிகால் துறையின் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்ஜிர்' இணையத்தளத்தில் ஆற்றளவு நிலையங்களின் நீர்மட்டம் வந்துகொண்டே இருக்கும். சாதாரணம், வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (அபாயம்) என்று நான்கு நிலைகள். பலரும் செய்யும் தவறு, தங்கள் ஊர் நிலையத்தை மட்டும் பார்ப்பது. ஊர் நிலையம் சிவப்பாகும்போது தண்ணீர் ஏற்கெனவே வாசலில் இருக்கும். ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் நிலையத்தின் பெயரை ஒரு வெயில் நாளில் தேடிக் குறித்து வையுங்கள். அதுதான் நம் பெரட்டு மணி. வானிலை ஆய்வுத் துறையின் தொடர்மழை எச்சரிக்கையும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று படியாக வரும். வாட்சப் குழுக்களில் சுற்றும் பழைய வெள்ளப் படங்களைவிட இவை இரண்டும் போதும்.

அரசாங்க ஏற்பாடு இல்லாமல் இல்லை. 2014 இறுதியில் கிளந்தானை மூழ்கடித்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, 2015-இல் நட்மா என்ற தேசியப் பேரிடர் நிர்வாக அமைப்பு வந்தது. மாவட்ட அளவில் மாவட்ட அதிகாரி தலைமையில் குழு உண்டு, பொம்பா என்ற தீயணைப்புத் துறையும் பொதுத் தற்காப்புப் படையும் படகு கொண்டுவருவார்கள், சமூகநல இலாகா நிவாரண மையத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அவர்கள் பார்ப்பது மாவட்டத்தை. உங்கள் பின்னறையில் பாட்டி படுத்த படுக்கையாக இருப்பதும், பெரியவனுக்கு இரவு வேலை என்பதும், வீட்டில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள்தான் இருக்கிறது என்பதும் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

2023-க்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினோம். மேற்பகுதி நிலையம் வஸ்பாடா என்றால் சாமான் மேலே ஏறும், காடி (கார்) மேட்டுக்குப் போகும். அமாரான் என்றால் அம்மாவும் பிள்ளைகளும் சின்னம்மா வீட்டுக்குக் கிளம்புவார்கள், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும். வாசலில் மூன்று படி இருக்கிறது. முதல் படியைத் தண்ணீர் தொட்டால் மிச்சம் இருப்பவர்களும் வெளியே, அதற்கு மேல் பேச்சு கிடையாது. பிற்பாடு ஒரு வாலும் சேர்த்தோம்: சாயங்காலம் ஆறு மணிக்கு அமாரானுக்குக் கிட்டே இருந்தால் இரவு வரை காத்திருக்க வேண்டாம். இருட்டில், மின்சாரம் இல்லாமல், ஓடும் தண்ணீரில் கிழவியைத் தூக்கிக்கொண்டு நடப்பதை நான் ஒரு தடவை செய்திருக்கிறேன். ஓடும் நீர் அரையடி இருந்தாலே ஆளைச் சாய்க்கும், ஓரடி இருந்தால் சின்னக் காடியை மிதக்க வைக்கும். தீம்பார் என்கிற தோட்டக்காட்டுப் பக்கம் குறுக்கு வழி தெரியும் என்று இறங்குபவர்களுக்கு அங்கே வெட்டியிருக்கும் கான் என்ற கால்வாய் எங்கே ஆரம்பிக்கிறது என்று தண்ணீருக்கு மேலே தெரியாது.

விதி எழுதுவது சுலபம். அந்த நேரம் வரும்போது மனிதர்கள் ஏன் நகர மறுக்கிறார்கள் என்பதைப் பார்த்து ஒவ்வொரு காரணத்தையும் முன்கூட்டியே கழற்றி வைப்பதுதான் உண்மையான தயாரிப்பு.

முதல் காரணம் தாள்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தாள் என்றால் வேறு அர்த்தம். பிறப்பைத் தாமதமாகப் பதிந்தது, பெயரில் எழுத்து மாறியது, அப்பா பெயர் இல்லாத சூரா பெரானா (பிறப்புச் சான்றிதழ்), இன்னும் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு ஐசி அடையாள அட்டையோடு இருக்கும் பாட்டி என்று வீட்டுக்கு வீடு ஒரு கதை இருக்கிறது. பேரிடரில் தொலைந்த ஐசியைத் தேசியப் பதிவுத் துறையில் கட்டணமில்லாமல் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பழைய மூலத்தாளின் மேல் ஒரு விண்ணப்பம் தொங்கிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அந்தத் தாளே ஆதாரம். எங்கள் வீட்டில் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. 2006-இல் டின்னை எடுத்தோம், ஆனால் ஏற்கெனவே நனைந்திருந்தது. பாட்டியின் கல்யாணப் பத்திரம் டின்னின் துருநிறத்தை வாங்கிக்கொண்டு, மடிப்பில் மடிப்பாகப் பிரிந்தது. வெயிலில் காய வைத்தால் நொறுங்கும் என்று யாருக்கும் தெரியாது. நனைந்த தாளை நிழலில், காற்றாடிக் காற்றில், ஒட்டியிருப்பதைப் பிரிக்காமல் காயவிட வேண்டும்.

இப்போது தாள்கள் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில், மூடி இறுகப் போடும் பழைய சாயத் தோங் (பெயிண்ட் வாளி) ஒன்றில் இருக்கின்றன. மிதக்கும், கைப்பிடி இருக்கிறது, யாரும் திருட நினைக்கமாட்டார்கள். ஐசி நகல்கள், சூரா பெரானா, திருமணச் சான்று, வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றுகள், கிளினிக் புத்தகம். ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் பிடித்து வேறு ஊரில் இருக்கும் சொந்தத்துக்கு ஒரு பிரதி அனுப்பியாகிவிட்டது. அடகுச் சீட்டை மறக்கக்கூடாது. மழைக்காலத்தில்தான் பள்ளி திறப்புச் செலவு வருகிறது, நகை கடையில் இருக்கும். 2011-இல் எங்கள் சீட்டு கூழாகிப் போனது. ஆறு மாதக் கெடு நெருங்கிக்கொண்டிருக்க, போலிஸ் புகார், உறுதிமொழிக் கடிதம் என்று ஓர் அடகுக் கடை எங்களை மூன்று நாள் அலையவிட்டது. தண்ணீர் கொண்டுபோகாத நகையைத் தாள் கொண்டுபோகப் பார்த்தது.

இரண்டாவது காரணம் மருந்து. நம்மவர்களிடையே நீரிழிவு எவ்வளவு என்பது தெரிந்ததே, நாட்டின் சுகாதார ஆய்வுகளில் இந்தியர்களே முன்னணியில். நிவாரண மையத்தில் முதல் நாள் இரவு நடக்கும் பதற்றங்களில் பாதி, மாத்திரையை வீட்டில் விட்டுவந்ததால். மழைக்காலத்தில் ஒரு வார மருந்தைத் தனி டப்பாவில் வைத்து, பழையதைத் தின்று புதியதை நிரப்பிக்கொண்டே வந்தால் காலாவதியாகாது. மருந்துப் பெயரும் அளவும் எழுதிய தாள் அதிலேயே இருக்கட்டும். இன்சுலினைப் பயந்துகொண்டு ஐஸில் புதைக்கிறார்கள். உறைந்தால் அது கெட்டுவிடும். பயன்பாட்டில் இருக்கும் பேனா 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும், வகையைப் பொறுத்து மாறும் என்பதால் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் செய்பவர் வீட்டில் இருந்தால் மேலே சொன்ன விதிகள் போதாது. அவரை ஒரு நிலை முன்னதாகவே டயாலிசிஸ் மையத்துக்குப் பக்கமாக நகர்த்திவிட வேண்டும். சாலை துண்டித்த பிறகு படகு வரும்வரை சிறுநீரகம் காத்திருக்காது.

மூன்றாவது, சாமான். தவணை முடியாத குளிர்பெட்டியை விட்டுப் போக யாருக்கும் மனம் வராது. அதற்காகவே வஸ்பாடாவிலேயே தூக்கும் வேலை முடிய வேண்டும். நாங்கள் நான்கு காங்கிரீட் கல்லை எப்போதும் பின்னால் வைத்திருக்கிறோம், குளிர்பெட்டி அதன் மேல் ஏறும், துணி துவைக்கும் இயந்திரம் மேசை மேல் ஏறும். சாமி படங்களை முதலில் இறக்கி எடுத்துவிட்டால் அம்மா சண்டையில்லாமல் கிளம்புவார். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பதினேழு வருஷம் ஆயிற்று. நாயைக் கட்டிப்போட்டுப் போகாதீர்கள், கூட்டிப்போக முடியாவிட்டால் அவிழ்த்தாவது விடுங்கள். காடிக்கு முழுக்காப்புறுதி இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் அந்தத் தாளை ஒரு தடவை படிக்க வேண்டும். வெள்ளத்துக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்காவிட்டால் தண்ணீரில் மூழ்கிய காடிக்குக் காசு வராது. வீட்டுத் தீக்காப்புறுதியும் அப்படியே.

கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைப்பது, தரை காய்ந்திருக்கும்போதுதான். காலடியில் தண்ணீர் நின்றால் அந்தப் பெட்டியைத் தொடாமல் வெளியேறிவிட்டு மின்சார நிறுவனமான டிஎன்பியின் 15454-க்குச் சொல்லுங்கள். கேஸ் தோங்கின் வால்வை மூடி, குழாயைக் கழற்றிக் கம்பியில் கட்டிவையுங்கள். காலித் தோங் மிதந்துபோய் அடுத்த வீட்டுக் கதவை இடிக்கும்.

வெள்ளம் சூழ்ந்திருக்கும்போது குழாயில் தண்ணீர் வராது என்பதைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை. சுத்திகரிப்பு நிலையமே மூழ்கினாலோ, ஆற்று நீர் மண்ணாகக் கலங்கினாலோ விநியோகத்தை நிறுத்திவிடுவார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர், மூன்று நாளைக்கு என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஐந்து பேர் வீட்டுக்கு 60 லிட்டர். எதையும் வாங்க வேண்டியதில்லை, மழை எச்சரிக்கை வந்ததும் பொங்கல் பானை உட்பட இருக்கிற மூடிப் பாத்திரத்தையெல்லாம் நிரப்பினால் போயிற்று.

நிவாரண மையத்துக்குப் போனால் குடும்பத்தில் எல்லார் பெயரையும் பதிவு செய்யுங்கள், சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருப்பவர்களும் தங்கள் நிலையைத் தெரிவித்து வைப்பது நல்லது. பிற்பாடு அரசு உதவித்தொகை அறிவிக்கும்போது பதிவைத்தான் முதலில் கேட்பார்கள். பாய், கைலி, கொசுவத்தி, பிள்ளைக்குப் பால்மாவு நம் கையில் இருக்க வேண்டும். சாப்பாடு கொடுப்பார்கள், ஆனால் தைப்பூச விரதம் இருப்பவருக்கு அங்கே தட்டில் முட்டையும் நெத்திலியும் வந்தால் அவர் பட்டினிதான். ஒரு பொட்டலம் அவலும் வெல்லமும் கனமா என்ன?

திரும்பி வந்து முதல் வேலை துடைப்பம் எடுப்பது அல்ல, படம் எடுப்பது. சுவரில் தண்ணீர்க் கோடு, மூழ்கிய சாமான், எல்லாம். அதன் பிறகு சேறு ஈரமாக இருக்கும்போதே கழுவிவிட வேண்டும், காய்ந்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சப்பாத்து போடாமல் இறங்காதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த நீரிலிருந்து வரும் காய்ச்சலுக்குக் காலில் ஒரு சிறு கீறல் போதும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் வெள்ளத்தில் நின்றதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

வெள்ளத்தைப் பற்றியே இவ்வளவு பேசியதற்குக் காரணம், அது ஒன்றுதான் நமக்கு மணிக்கணக்கில் அவகாசம் கொடுக்கிறது. புகைமூட்டம் நாள்கணக்கில் கொடுக்கும். 2013 ஜூன் 23-இல் மூவாரில் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டு அவசரநிலை அறிவித்தபோது, முகக்கவசம் வாங்கக் கடை கடையாக அலைந்தோம், எங்கும் இல்லை. ஆஸ்துமாக்காரர் வீட்டில் ஒரு பெட்டி இருக்க வேண்டியது அப்போதுதான் புரிந்தது. மத்தியானத்துப் புயல்காற்று சில நிமிடங்களே கொடுக்கும். அதற்கான வேலை முழுக்க முன்கூட்டியே செய்வது: தளர்ந்த தகரத்துக்கு ஆணி, வீட்டின் மேல் சாய்ந்த ரம்புத்தான் கிளைக்குக் கத்தி.

நிலநடுக்கத்தில் அவகாசமே கிடையாது. தீபகற்பத்தில் நமக்கேன் அந்தக் கவலை என்றுதான் இருந்தோம். 2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை காலை 6.13-க்கு சிகாமட்டையே மையமாகக் கொண்டு 4.1 ரிக்டர் அளவில் ஆட்டியது. அடுத்த சில நாள்களில் சிறு அதிர்வுகளும் தொடர்ந்தன. முடிவெடுக்க நேரம் இல்லாத இடத்தில் சாமான் இருக்கும் இடமே முடிவு. அலமாரியைச் சுவரோடு ஆணியடித்துப் பிடிக்க வேண்டும், அதன் தலையில் ஏற்றியிருக்கும் பெட்டிகளை இறக்க வேண்டும், கட்டில் அருகில் செருப்பு இருக்க வேண்டும், உடைந்த கண்ணாடியில் கால் வைக்காமலிருக்க. ஆடும்போது ஓடாமல் கனமான மேசைக்கு அடியில் தலையை மூடிப் படுக்க வேண்டும், நின்ற பிறகு கேஸைப் பார்த்துவிட்டு வெளியே வர வேண்டும்.

இதில் எதையும் அன்றைக்கு நாங்கள் செய்யவில்லை. நான் எழுந்து வாசலுக்கு ஓடிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அம்மா அரைத்தூக்கத்தில், ஒரு கையில் முருகன் படமும் இன்னொரு கையில் சாயத் தோங்குமாக வெளியே வந்துகொண்டிருக்கிறார். காய்ந்து கிடந்த வாசலைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏண்டா, தண்ணி எத்தனாவது படி?"